மேடிசனுக்குப் படிக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: விஸ்கான்சின் பல்கலைக்கழகம்

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் நான் படித்தவன். அங்கே இடம் கிடைத்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் ஆண்டுதோறும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. விசா விதிகள், கட்டணத் தொகை போன்றவை மாறிக்கொண்டே இருக்கும். அவற்றைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடமே கேட்டுவிடுங்கள். ஏரிக்கரையில் செங்கல் கோட்டை மாதிரி நிற்கும் ‘ரெட் ஜிம்’ கட்டடத்தில் அது இருக்கிறது.

மேடிசன் எங்கே இருக்கிறது? நாங்கள் கேள்விப்பட்டதே இல்லையே?

சிகாகோவிலிருந்து வடமேற்கே சுமார் 240 கிலோமீட்டர். சிகாகோ விமான நிலையத்திலிருந்து மூன்று மணி நேர பஸ் பயணம், வளாகத்திலேயே இறங்கிவிடலாம். விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரம் இது. மெண்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒரு குறுகலான நிலத்துண்டில் நகரத்தின் மையப்பகுதி உட்கார்ந்திருக்கிறது. ஒரு கோடியில் மாநிலச் சட்டமன்றம், மறுகோடியில் பல்கலைக்கழகம். இரண்டையும் இணைக்கும் ஸ்டேட் ஸ்ட்ரீட் ஒரு மைல் தூரம்கூட இல்லை.

மாணவர்கள் ஏறக்குறைய 50,000 பேர். நம் ஊரில் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு என்ற பெயர்கள்தான் காதில் விழும். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியின் பெரும்பங்கு இப்படிப்பட்ட பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில்தான் நடக்கிறது. பெயர் தெரியவில்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம்.

‘அரசுப் பல்கலைக்கழகம்’ என்றால் நம் அரசுக் கல்லூரி மாதிரியா?

அங்கே ‘அரசு’ என்றால் மாநில அரசு. 1848-இல் விஸ்கான்சின் ஒரு மாநிலமாக ஆன அதே ஆண்டில் இந்தப் பல்கலைக்கழகமும் உருவாக்கப்பட்டது. 1849 பிப்ரவரியில் முதல் வகுப்பு. 17 மாணவர்கள், ஜான் ஸ்டெர்லிங் என்ற ஒரே ஓர் ஆசிரியர். அதற்கப்புறம் 1862-இல் மாரில் சட்டம் வந்தது. மத்திய அரசு மாநிலங்களுக்கு நிலம் கொடுக்கும். அதை விற்ற பணத்தில் விவசாயமும் பொறியியலும் கற்றுத்தரும் கல்லூரியை மாநிலம் நடத்த வேண்டும். 1866-இல் அந்தப் பொறுப்பு மேடிசனுக்கு வந்தது. இன்றைக்கும் வளாகத்துக்குள் கறவை மாடுகள் கட்டிய கொட்டகை இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள்.

கட்டணத்தில் வித்தியாசம் உண்டு. மாநிலத்துப் பிள்ளைகள் கட்டுவதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வெளியிலிருந்து வரும் இளங்கலை மாணவர்கள் கட்ட வேண்டியிருக்கும். வருமானம் குறைந்த விஸ்கான்சின் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணமே இல்லாமல் படிக்க 2018-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ‘எங்கள் பிள்ளைக்கும் ஏதாவது சலுகை உண்டா’ என்று கேட்கும் பெற்றோரிடம் நான் மறைக்காமல் சொல்வது: இளங்கலையில் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை மிகக் குறைவு. முழுச் செலவையும் தாங்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

‘விஸ்கான்சின் ஐடியா’ என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே, அது என்ன?

பல்கலைக்கழகத்தின் எல்லை என்பது மாநிலத்தின் எல்லைதான் என்ற எண்ணம் அது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் வான் ஹைஸ் தலைவராக இருந்தபோது, மாநிலத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் பல்கலைக்கழகத்தின் பயன் போய்ச்சேரும்வரை ஓயக்கூடாது என்ற பேச்சு எழுந்தது. கேட்பதற்கு மேடைப்பேச்சு மாதிரி இருக்கலாம். ஒரு சம்பவத்தைச் சொன்னால் புரியும்.

1933 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. பனிப்புயல் வீசிக்கொண்டிருந்தது. டீர் பார்க் என்ற ஊரின் பக்கத்திலிருந்து எட் கார்ல்சன் என்ற விவசாயி கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு மேடிசனுக்கு வந்தார். வண்டியில் செத்துப்போன ஒரு கிடாரி, பால் கேன் நிறைய உறையாத ரத்தம், கொஞ்சம் கெட்டுப்போன தீவனப்புல். அவருடைய மாடுகள் ஒவ்வொன்றாக ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. கால்நடை அதிகாரியைத் தேடி வந்தவருக்கு, விடுமுறை நாள் என்பதால் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. திறந்திருந்த கதவு உயிர்வேதியியல் பேராசிரியர் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகம். அங்கே போய்ப் பால் கேனை இறக்கி வைத்தார்.

அன்றைக்கு லிங்க்கால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தப் புல்லைப் போடாதீர்கள், முடிந்தால் நல்ல மாட்டின் ரத்தத்தை ஏற்றிப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். ஆனால் அந்த ரத்தம் ஏன் உறையவில்லை என்ற கேள்வியை அவரும் அவருடைய மாணவர்களும் விடவில்லை. 1939-இல், கெட்டுப்போன ஸ்வீட் க்ளோவர் புல்லிலிருந்து ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் வந்ததுதான் வார்ஃபரின். முதலில் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1950-களில் மனிதர்களுக்கான மருந்தானது. இதய வால்வு மாற்றியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அந்தப் பெயர் தெரிந்திருக்கும். பெயரின் முன்பாதி ‘வார்ஃப்’. விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகள் அவை.

அந்த அறக்கட்டளைக்கும் ஒரு கதை உண்டு. ஹாரி ஸ்டீன்பாக் என்ற பேராசிரியர், உணவின் மேல் புற ஊதா ஒளியைப் படவைத்தால் அதில் வைட்டமின் டி உண்டாகும் என்று 1920-களில் கண்டுபிடித்தார். எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் குழந்தைகளை வாட்டிய காலம் அது. காப்புரிமையைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தால் பெரும் பணக்காரராகியிருப்பார். அவரோ வரும் வருமானம் ஆராய்ச்சிக்கே திரும்ப வரவேண்டும் என்று வழி தேடினார். அதற்காக 1925-இல் உண்டானதுதான் வார்ஃப். இன்றைக்கும் வளாகத்தின் ஆராய்ச்சிக்கு அது பணம் தந்துகொண்டிருக்கிறது.

நான் அங்கே படித்ததில் மனத்தில் ஆழமாகப் பதிந்தது அந்தப் பால் கேன் கதைதான். வரி கட்டும் ஒரு விவசாயி சனிக்கிழமையன்று வந்தால், திறந்திருக்க ஒரு கதவு வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தின் மற்ற எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

வேறு என்னென்ன ஆராய்ச்சி அங்கே நடந்தது?

பட்டியல் நீளும், சிலதை மட்டும் சொல்கிறேன். வைட்டமின் ஏ 1913-இல் எல்மர் மெக்காலம், மார்கரீட் டேவிஸ் இருவரின் எலிச் சோதனைகளில் வெளிப்பட்டது. பெல்லாக்ரா என்ற சத்துக்குறை நோய்க்கு நியாசின் என்ற பி வைட்டமின் மருந்தாகும் என்பதற்கு 1937-இல் கான்ராட் எல்வஜெம் வழிகாட்டினார். மனிதக் கரு ஸ்டெம் செல்களை முதன்முதலில் பிரித்தெடுத்து வளர்த்தது 1998-இல் ஜேம்ஸ் தாம்சனின் ஆய்வகம். தென்துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டிக்குள் 5,000-க்கும் மேற்பட்ட உணர்கருவிகளைப் புதைத்து, நியூட்ரினோ என்ற நுண்துகள்களைத் தேடும் ஐஸ்கியூப் ஆய்வகத்தை முன்னின்று நடத்துவதும் மேடிசன்தான்.

நம்மவர்களுக்கு இன்னொரு பெயர் முக்கியம்: ஹர் கோபிந்த் கொரானா. பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே அரிதான சிற்றூரில் பிறந்தவர். 1960-இல் மேடிசனுக்கு வந்தார். மரபணுக் குறியீட்டின் எந்த மூன்றெழுத்து எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்பதைக் கண்டறிய, குறிப்பிட்ட வரிசையில் அமைந்த மூலக்கூறுகளைத் தானே கட்டித் தயாரித்தார். அந்த வேலைக்காக 1968-இல் நோபல் பரிசு. அப்போது அவர் இருந்தது இந்த வளாகத்தில்தான்.

வகுப்பில் 300 பேர் இருப்பார்களாமே? பிள்ளையை யார் கவனிப்பார்கள்?

தொடக்கநிலை வேதியியல், பொருளாதாரம், உளவியல் போன்ற பாடங்களில் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். உண்மைதான். ஆனால் அதே பாடத்துக்கு வாரம் ஒன்றிரண்டு முறை சுமார் 20 பேர் கொண்ட சிறு வகுப்பு நடக்கும். அதை நடத்துவது டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டன்ட்) என்று எல்லாரும் அழைக்கும் முதுநிலை மாணவர். சந்தேகம் கேட்க அதுதான் இடம்.

அதைவிட முக்கியம் பேராசிரியரின் ஆஃபீஸ் நேரம். ஒவ்வொரு பேராசிரியரும் வாரத்தில் சில மணி நேரம் அறையைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவர்களுக்காகவே உட்கார்ந்திருப்பார். நம் பிள்ளைகள் இதை நம்புவதில்லை. ‘சாரைத் தொந்தரவு பண்ணுகிறோமோ’ என்று ஒதுங்கிப்போவார்கள். நானும் முதல் செமஸ்டர் முழுக்கப் போகவில்லை. இரண்டாவது செமஸ்டரில் ஒரு நாள் தயங்கித் தயங்கிப் போனேன். கேள்வியைக் கேட்டதும் அவர் எழுந்து கரும்பலகைக்கே போய்விட்டார். முக்கால் மணி நேரம் பேசினோம். முதல் மாதத்திலேயே போகச் சொல்லுங்கள்.

மதிப்பெண் முறையில் ஒரு சின்ன வித்தியாசம்: ஏ, பி-க்கு நடுவில் ஏபி என்றும், பி, சி-க்கு நடுவில் பிசி என்றும் போடுவார்கள். பிளஸ், மைனஸ் கிடையாது.

பிஎச்.டி. மாணவர்களுக்குச் சம்பளம் உண்டா?

பெரும்பாலான துறைகளில் உண்டு. டி.ஏ.வாகப் பாடம் நடத்தலாம், அல்லது ஒரு பேராசிரியரின் திட்டத்தில் ஆராய்ச்சி உதவியாளராக இருக்கலாம். கல்விக் கட்டணம் தள்ளுபடியாகும், மாதாமாதம் ஊதியமும் வரும். சிக்கனமாக இருந்தால் அந்த ஊதியம் போதும், சேமிப்பு பெரிதாக இருக்காது. முதுகலை மட்டும் படிக்கப் போகிறவர்களுக்குப் பல துறைகளில் இந்த வசதி இல்லை. இடம் தந்த கடிதத்தில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள்.

இந்த உதவியாளர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. 1966-இல் மேடிசனில் தொடங்கிய டி.ஏ. சங்கம், அமெரிக்காவிலேயே பட்டமேற்படிப்பு மாணவர்கள் அமைத்த முதல் தொழிற்சங்கம். 1970-இல் வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தமும் பெற்றார்கள். 2011-இல், அரசு ஊழியர் சங்கங்களின் பேச்சுவார்த்தை உரிமையைப் பறிக்கும் சட்டம் மாநிலத்தில் வந்தபோது, இவர்கள் ஸ்டேட் ஸ்ட்ரீட் வழியே நடந்துபோய் மற்றவர்களோடு சேர்ந்து சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே இரவும் பகலும் தங்கினார்கள். சட்டம் நிறைவேறிவிட்டது. உரிமை போனாலும் சங்கத்தைக் கலைக்கவில்லை.

அப்படியென்றால் அரசியல் அதிகமோ? பிள்ளைக்கு ஆபத்து இல்லையே?

அன்றாட வாழ்க்கை அமைதியானது. ஆனால் வரலாற்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1967 அக்டோபரில், வியட்நாம் போரில் வீசிய நாபாம் குண்டைத் தயாரித்த டவ் கெமிக்கல் நிறுவனம் வேலைக்கு ஆள் எடுக்க வளாகத்துக்கு வந்தது. எதிர்த்து உட்கார்ந்த மாணவர்களைப் போலீசார் தடியால் அடித்தார்கள். 1970 ஆகஸ்ட் 24 விடியற்காலையில், ராணுவக் கணித ஆய்வு மையம் இருந்த ஸ்டெர்லிங் ஹாலுக்கு வெளியே போர் எதிர்ப்பாளர்கள் நால்வர் ஒரு வேன் நிறைய வெடிமருந்தை வைத்து வெடித்தார்கள். உள்ளே இரவெல்லாம் வேலை செய்துகொண்டிருந்த ராபர்ட் ஃபாஸ்நாக்ட் என்ற 33 வயது இயற்பியல் ஆய்வாளர் இறந்துபோனார். ராணுவ மையத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மூன்று சின்னக் குழந்தைகளின் தகப்பன். அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கனக்கும்.

குன்றின் மேல் நிற்கும் நிர்வாகக் கட்டடமான பாஸ்கம் ஹாலின் வாசலில் ஒரு வெண்கலப் பலகை இருக்கிறது. 1894-இல் ரிச்சர்ட் ஈலி என்ற பொருளாதாரப் பேராசிரியர் தொழிலாளர்களுக்குச் சாதகமான தீவிரக் கருத்துகளைப் பரப்புகிறார் என்று குற்றம் சாட்டி விசாரணை வைத்தார்கள். பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு அவரை விடுவித்ததோடு, உண்மையைக் கண்டடைய அஞ்சாமல் இடைவிடாது சலித்துப் புடைப்பது ஒன்றே வழி, அதை இந்தப் பல்கலைக்கழகம் ஊக்குவிக்க வேண்டும் என்ற கருத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த வரிதான் பலகையில் இருக்கிறது. முறத்தில் அரிசி புடைத்த அம்மாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. உமியைத் தூற்ற வேண்டுமென்றால் முதலில் எல்லாவற்றையும் முறத்தில் கொட்டியாக வேண்டும்.

குளிர் தாங்க முடியுமா?

முடியும். ஜனவரியில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும் இரவுகள் வரும். காற்று வீசினால் முகம் மரத்துப்போகும். சென்னையில் கோட் வாங்காதீர்கள், அங்கே போய் வாங்குங்கள். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றுப் புகாத கோட் என்று அடுக்கடுக்காகப் போடுவதுதான் வழி. பூட்ஸில் காசைக் குறைக்காதீர்கள். பாஸ்கம் குன்று செங்குத்தானது, அதன் உறைபனியில் வழுக்கி விழாதவர்கள் குறைவு. வளாகத்துக்குள் 80-ஆம் எண் பஸ் இலவசம்.

குளிரைவிடப் பிள்ளைகளை அழுத்துவது இருட்டு. டிசம்பரில் மாலை நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும். ‘பிள்ளை போனில் சரியாகவே பேசவில்லை’ என்று பெற்றோர் கவலைப்படுவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். பகல் வெளிச்சத்தில் அரை மணி நேரமாவது வெளியே நடக்கச் சொல்லுங்கள். மனம் சோர்ந்தால் மாணவர் மருத்துவ மையத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அங்கே போவதை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

அப்புறம் ஏரி. மெண்டோட்டா முழுவதும் உறைந்ததும் ஊரே அதன்மேல் நடக்கும். சறுக்குவார்கள், துளை போட்டு மீன் பிடிப்பார்கள். 1979-இல், மாணவர் பேரவைத் தேர்தலில் ‘சுதந்திர தேவி சிலையை மேடிசனுக்குக் கொண்டுவருவோம்’ என்று வாக்குக் கொடுத்து ஜெயித்த குழு, தலையும் தீப்பந்தம் பிடித்த கையும் மட்டும் பனிக்கு மேலே தெரியும்படி ஒரு மாதிரியை ஏரியில் நிறுத்தியது. ஏரி எந்த நாளில் உறைந்தது, எந்த நாளில் உருகியது என்று 1850-களிலிருந்து குறித்து வைத்திருக்கிறார்கள். பனி நிற்கும் காலம் குறைந்துகொண்டே வருவது அந்தப் பதிவிலேயே தெரிகிறது. மற்றவர்கள் நடப்பதைப் பார்க்காமல் தனியாகப் பனியில் கால் வைக்காதீர்கள்.

எங்கே தங்குவது?

முதலாண்டு இளங்கலை மாணவர்கள் பெரும்பாலும் வளாக விடுதியில். ஏரிக்கரைப் பக்க விடுதிகள் அமைதி, தென்கிழக்குப் பக்க விடுதிகள் கலகலப்பு. குடும்பத்தோடு வரும் முதுநிலை மாணவர்களுக்கு ஈகிள் ஹைட்ஸ் குடியிருப்பு. நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். பல நாட்டுக் குடும்பங்கள், ஓடி விளையாடும் குழந்தைகள், பக்கத்திலேயே 1960-களிலிருந்து இருக்கும் பெரிய சமூகத் தோட்டம். பாத்தி ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கத்தரி, மிளகாய், வெந்தயக்கீரை போடலாம். கோடை நாலு மாதம்தான், ஆனால் மண் நல்ல மண்.

வெளியே வீடு எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊரில் பல வீடுகளின் ஒப்பந்தம் ஆகஸ்ட் 14-ஐ ஒட்டி முடிந்து, 15-ஐ ஒட்டி அடுத்தது தொடங்கும். நடுவில் ஓர் இரவு தங்க இடமில்லாமல் போகலாம். நண்பர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். அதே நாட்களில் தெருவோரம் முழுக்க மேசை, நாற்காலி, விளக்கு என்று விட்டுப்போயிருப்பார்கள். எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. மெத்தை, சோபா மட்டும் வேண்டாம், மூட்டைப்பூச்சி வந்துவிடும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன. கோடையில் சனிக்கிழமைதோறும் சட்டமன்றத்தைச் சுற்றி உழவர் சந்தை கூடும். சமைக்கத் தெரிந்துகொண்டு போங்கள், அவ்வளவுதான்.

தமிழுக்கும் மேடிசனுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, பலருக்குத் தெரியாது. 1960-களின் தொடக்கத்திலிருந்தே இந்தப் பல்கலைக்கழகம் தன் மாணவர்களை ஓராண்டு இந்தியாவில் தங்கிப் படிக்க அனுப்பியது. அப்படிப் போன ஊர்களில் ஒன்று மதுரை. முதலில் கோடையில் மேடிசனில் தமிழ் எழுத்தும் பேச்சும் படிப்பார்கள், அப்புறம் மதுரைக்குப் போய் அங்கேயே வாழ்ந்து ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதுவார்கள். தெற்காசிய மொழிகளுக்கான கோடைப்பள்ளியிலும் தமிழ் ஒரு பாடமாக இருந்து வந்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் தெற்காசிய ஆய்வாளர்களின் மாநாடு மேடிசனில் கூடும். தமிழ் பற்றி ஆராயும் பலரை அங்கே ஒரே கூடத்தில் பார்க்கலாம். எந்தத் துறையில் படித்தாலும் ஒரு நாளாவது எட்டிப்பாருங்கள்.

அந்த நிலம் முதலில் யாருடையது?

ஹோ-சங்க் மக்களுடையது. ‘நான்கு ஏரிகள்’ என்று பொருள்படும் டேஜோப் என்பது அவர்கள் வைத்த பெயர். 1832 ஒப்பந்தத்தில் நிலம் பறிபோனது, திரும்பத் திரும்பத் துரத்தினார்கள், அவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அவர்களின் முன்னோர் எழுப்பிய மண்மேடுகள், பறவை, விலங்கு வடிவில், இன்றும் வளாகத்துக்குள் இருக்கின்றன. 2019-இல் பாஸ்கம் குன்றில் இதைச் சொல்லும் பலகை ஒன்றைப் பல்கலைக்கழகம் வைத்தது. மேடுகளின்மேல் ஏறாதீர்கள்.

பிள்ளையைப் பார்க்க வருகிறோம். ஒரு நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

காலையில் பாஸ்கம் குன்று, லிங்கன் சிலை, அந்த வெண்கலப் பலகை. மெமோரியல் நூலகத்தின் உள்ளடுக்குகளில் ஆய்வு மாணவர்கள் புத்தகங்களைப் பூட்டி வைத்துப் படிக்கும் கம்பிக்கூண்டுகள் இருக்கும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மதியத்துக்குமேல் ஏரிக்கரைப் பாதையில் பிக்னிக் பாயிண்ட் வரை நடக்கலாம். திரும்பும் வழியில் பாப்காக் பால்பண்ணைக் கடையில் ஐஸ்கிரீம். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று அளக்கும் முறையை 1890-இல் கண்டுபிடித்த ஸ்டீபன் பாப்காக்கின் பெயர் அது. அந்தச் சோதனை வந்தபிறகுதான் பாலில் தண்ணீர் கலப்பவர்கள் அகப்பட்டார்கள், நல்ல பால் கொடுத்த விவசாயிக்கு நியாயமான விலை கிடைத்தது.

சாயங்காலம் மெமோரியல் யூனியனின் ஏரிக்கரை முற்றத்தில், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு இரும்பு நாற்காலிகளில் இடம் பிடித்து உட்காருங்கள். முதுகில் உதயசூரியன் மாதிரி வடிவம் வெட்டியிருக்கும். மாணவர், பேராசிரியர், ஊர்க்காரர், குழந்தைகள் எல்லாரும் அங்கே வருவார்கள். பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள், இல்லையென்றால் நாற்காலி கிடைக்காது.